சக்கையைத் தட்டிப் பார்க்கலாம், ராக்கெட்டை?

வடசேரி சந்தையில சக்கை வாங்கறதைப் பாத்திருப்பீங்க. சென்னைக்காரங்களுக்குச் சொல்றேன், சக்கைன்னா பலாப்பழம். அம்மா விரலால தட்டி, சத்தத்தைக் கேட்டு, "இது பழுத்தாச்சு"ன்னு எடுத்து வைப்பாங்க. அறுக்காமலே உள்ள என்னன்னு தெரியணும். இன்னைக்கு எபிசோடும் அதைப் பத்திதான். சக்கைக்குப் பதிலா ராக்கெட்.

நான் எழுதுற கோடை ஆயிரம் தடவை ஓட்டிப் பார்க்கலாம். உடைஞ்சா திருத்தி மறுபடி ஓட்டலாம். ராக்கெட்ல பைரோ சாதனம்னு ஒண்ணு இருக்கு. வெளிய உலோக உறை, உள்ள கொஞ்சம் வெடிமருந்து. ஒரு அடுக்கு எரிஞ்சு முடிஞ்சதும் அது வெடிச்சு அந்த அடுக்கைக் கழட்டி விடணும். சோதிக்கிறதுக்காக வெடிக்க வெச்சா அந்தப் பீஸ் காலி. கூடச் செஞ்சதுல சிலதை வெடிச்சுப் பார்க்கலாம். ஆனா பறக்கப்போறது வேற பீஸ். அதுக்குள்ள மருந்து சரியா நிறைஞ்சிருக்கா, நடுவுல இடைவெளி விழுந்திருக்கான்னு திறக்காமலே பார்த்தாகணும்.

எக்ஸ்ரே எடுத்தா என்னன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. 1895-ல எக்ஸ்ரேயைக் கண்டுபிடிச்ச ரான்ட்கன், கொஞ்ச நாள்லயே தன்னோட வேட்டைத் துப்பாக்கியையும் படம் எடுத்துப் பார்த்தார். மனுஷன் கையைப் பார்த்த அதே காலத்துல இரும்புக்குள்ளயும் பார்க்க ஆரம்பிச்சாச்சு.

ஸ்ரீஹரிகோட்டாவுல திட எரிபொருள் மோட்டார்களை எக்ஸ்ரேதான் எடுக்கறாங்க. எஸ்200 மோட்டாரோட விட்டம் மட்டுமே 3.2 மீட்டர். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அதுல நுழையவே நுழையாது. அதனால லீனியர் ஆக்சிலரேட்டர் வெச்சு, ரொம்ப அதிக ஆற்றல் உள்ள எக்ஸ்ரேயை உண்டாக்குவாங்க. எரிபொருள்ல ஒரு விரிசல் இருந்தா, அந்த விரிசலோட சுவரும் சேர்ந்து எரியும். அழுத்தம் எகிறும். மோட்டாரே வெடிச்சிரலாம்.

ஆனா பைரோ சாதனத்துல சிக்கல் வேற. எக்ஸ்ரே அணுவோட எலக்ட்ரான்கள்ல மோதுது. எலக்ட்ரான் நிறைய உள்ள காரீயம், இரும்பு எல்லாம் அதைத் தடுத்துடும். படத்துல உறை பளிச்சுன்னு தெரியும், உள்ள இருக்கிற மருந்து சரியாத் தெரியாது. நியூட்ரான் அப்படியில்ல. அதுக்கு மின்னூட்டம் கிடையாது. எலக்ட்ரானைக் கண்டுக்காம அணுக்கரு வரைக்கும் போயிடும். காரீயத்தை எளிதாக் கடந்துடும். ஹைட்ரஜன்ல பட்டா சிதறிடும். வெடிமருந்துல ஹைட்ரஜன் உண்டு. அதனால படம் தலைகீழா மாறும்: உறை மங்கலும், மருந்து தெளிவும்.

1930-கள்லயே ஜெர்மனியில கால்மன், கூன் ரெண்டு பேரும் இந்த நியூட்ரான் படத்தை முயற்சி பண்ணிட்டாங்க. நம்ம நாட்டுல அதுக்குன்னே கல்பாக்கத்துல ஒரு குட்டி அணு உலை இருக்கு. பேரு காமினி. 1996 அக்டோபர் 29-ல இயங்கத் தொடங்குச்சு. திறன் 30 கிலோவாட், ஒரு சின்னக் கார் எஞ்சினைவிடக் குறைவு. இஸ்ரோவோட பைரோ சாதனங்களை அங்கதான் வெச்சுப் படம் எடுத்தாங்க.

இப்போ நம்ம ஊர் வருது. காமினியோட எரிபொருள் யுரேனியம்-233. சுமார் 600 கிராம்தான். அது பூமியில தோண்டினாக் கிடைக்காது. தோரியத்தை உலைக்குள்ள வெச்சு உருவாக்கணும். இந்தியாவுல தோரியம் கிடைக்கிறது கடற்கரை மணல்ல இருக்கிற மோனசைட்ல இருந்து. நம்ம மணவாளக்குறிச்சி மணல்ல இருக்கிறதும் அதே மோனசைட்தான். 1909-ல திருவிதாங்கூர்ல இருந்து ஜெர்மனிக்குப் போன கயிறுல ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் ஷோம்பெர்க்னு ஒரு வேதியியலாளர் இதைக் கண்டுபிடிச்சார். அன்னைக்கு அவங்களுக்கு அது தேவைப்பட்டது காஸ் விளக்கோட மாண்டிலுக்கு.

இதைப் பெருமையா மட்டும் சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரல. அந்த மணல் மேலதான் நம்ம மீனவ ஊர்கள் இருக்கு. கிள்ளியூர் பக்கம் புதுசா மணல் எடுக்கிற திட்டத்தை மக்கள் எதிர்த்துட்டு இருக்காங்க. ராக்கெட்டோட உள்ளைப் பார்க்க இவ்வளவு மெனக்கெடுற நாம, அவங்க சொல்றதையும் அதே கவனத்தோட கேட்கணும்.

உங்க வீட்டுல யாராவது என்டிடி படிச்சிட்டு வளைகுடாவுல பைப் வெல்டிங்கை எக்ஸ்ரே எடுக்கறாங்களா? அவங்க கதையை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோடுல அதைப் பேசுவோம். வரட்டுமா மக்களே!