வேலை மாறலாம், பி.எஃப். கணக்கைக் கலைக்க வேண்டாம்

(சின்னசேலத்தில் நடந்த நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன வாரம் மாடிப்படியில் நம் வீட்டுப் பையன் ஒருவன் கேட்டான்: “மாமா, வேலை மாறிட்டேன். பழைய பி.எஃப். பணத்தை எடுத்து பைக் வாங்கிடலாமா?” அதே தப்பை நான் செய்தவன். அதனால்தான் இன்று பேச வந்தேன்.

சம்பளத்தில் பிடிக்கும் 12 விழுக்காடு முழுவதும் நம் வைப்பு நிதிக்குப் போகிறது. நிர்வாகம் கட்டும் 12-இல் 8.33 விழுக்காடு, 1995-இல் வந்த ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. இந்தப் பென்ஷனுக்குக் குறைந்தது பத்து ஆண்டு சேவை வேண்டும். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆறு ஆண்டு வேலை பார்த்தேன். விட்டு வரும்போது பி.எஃப்., பென்ஷன் இரண்டையும் பணமாக வாங்கிவிட்டேன். வீட்டு ஓடு மாற்றவே அது சரியாகப் போயிற்று. பிறகு ஊரில் சிலகாலம் கடை வைத்தேன். கடைசியாக ஓர் ஆலையில் கணக்கு எழுதினேன். 58 வயது முடிந்தபோது அங்கே சேவை 9 ஆண்டு 2 மாதம். பென்ஷன் கிடையாது என்றார்கள். அந்த ஆறு ஆண்டை விட்டு வைத்திருந்தால் 15 ஆகியிருக்கும்.

அதன் மதிப்பு என்ன? 2014 செப்டம்பருக்குப் பிறகு சேர்ந்த ஒருவருக்குப் பென்ஷன் கணக்கிடும் சம்பளம் 15,000 ரூபாய், சேவை 15 ஆண்டு என்று வையுங்கள். இரண்டையும் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதம் 3,214 ரூபாய். அவர் காலத்துக்குப் பின் மனைவிக்கும் பென்ஷன் உண்டு.

ஆகவே, வேலை மாறும் பிள்ளைகளே, புது நிறுவனத்தில் பழைய யு.ஏ.என். எண்ணையே கொடுங்கள். இன்னொரு எண் வாங்காதீர்கள். பழைய கணக்கைப் புதியதற்கு மாற்றுங்கள். வேலையை விட்ட தேதி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், கடைசிச் சந்தாவுக்கு இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையத்தில் பதியலாம். மாற்றிய பின் பாஸ்புக்கில் பென்ஷன் பகுதியில் பூஜ்ஜியம் காட்டினால் பயப்பட வேண்டாம். அங்கே மாறுவது சேவைக் காலம்தான். மொத்தச் சேவை ஐந்து ஆண்டு ஆகுமுன் பி.எஃப். பணத்தை எடுத்தால் வருமான வரியும் வரும்.

நம் ஊர்க்காரர்களுக்கு முக்கியத் தொல்லை இனிஷியல். ஆதாரில் பெயருக்குப் பின்னால், பி.எஃப்.பில் முன்னால் என்றிருந்தால் விண்ணப்பம் திரும்பிவிடும். வேலையில் இருக்கும்போதே நிறுவனம் மூலம் திருத்திக்கொள்ளுங்கள்.

இடையில் வேலையே இல்லையென்றாலும், படிவம் 10சி-யில் பணத்துக்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் கேட்டு வாங்கலாம். பழைய சேவை அதில் பத்திரமாக இருக்கும்.

ஓய்வு பெறுவோர் பி.எஃப். பணத்துக்குப் படிவம் 19, பென்ஷனுக்கு 10டி கொடுக்க வேண்டும். பென்ஷன் வரத் தொடங்கியதும் ஆண்டுக்கொரு முறை உயிர்வாழ் சான்று அவசியம். வாரிசு நியமனத்தை இன்றே பாருங்கள். கல்யாணத்துக்கு முன் பதிந்தது அப்படியே கிடக்கலாம்.

பணம் எடுக்கும் விதிகள் அடிக்கடி மாறுகின்றன. கையெழுத்துப் போடுமுன் பி.எஃப். அலுவலகத்தில் கேளுங்கள். ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள், எனக்கும்கூட.

ஞாயிறு காலை சங்க அறையில் இருப்பேன். பாஸ்புக்கோடு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். அந்தத் தம்பியும் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.