கீழ்வேளூருக்கு யார் பொறுப்பு?



இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்க வேண்டும் என்று அழைப்பு வந்தபோது பெருமையும் தயக்கமும் சேர்ந்தே வந்தன. அகதி முகாம்களில் பல்லாண்டு பணியாற்றியவர்களும் சர்வதேசச் சட்டம் கற்பிப்பவர்களும் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவை இது. பதினெட்டாம் நூற்றாண்டுப் பழங்கணக்குகளோடு வாழ்பவன் இங்கே என்ன சொல்லிவிட முடியும் என்ற அச்சம் இந்த நிமிடம்வரை நீங்கவில்லை.

‘போரும் குடிமக்களும்’ என்பது நம் பொதுத் தலைப்பு. கர்நாடகப் போர்கள், ஈழம், காசா என மூன்று நாள் அமர்வுகள் விரிகின்றன. ஜெனீவா உடன்படிக்கைகள் எப்படி உருவாயின என்பதையெல்லாம் இந்த அவைக்கு நான் விளக்கத் தேவையில்லை. துறையின் பரப்பை அளந்து காட்டுவது தலைமையுரையின் மரபு. என்னைப் பொறுத்தருளுங்கள்; நான் ஒரு சாலையோடு நின்றுவிடப் போகிறேன். நாம் கூடியிருக்கும் காரைக்காலிலிருந்து திருமலைராயன்பட்டினம், நாகூர், கீழ்வேளூர், திருவாரூர் வழியாகத் தஞ்சைக்குப் போகும் சாலை அது.

1758ஆம் ஆண்டின் அடிப்படைச் செய்திகளை நீங்கள் அறிவீர்கள். ஏப்ரல் இறுதியில் புதுச்சேரியில் வந்திறங்கிய பிரெஞ்சுத் தளபதி லாலி, ஜூன் 2 அன்று கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையைப் பிடித்தார். அடுத்த குறி சென்னை, கையிலோ பணமில்லை. 1749இல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் தஞ்சை மன்னர் பிரதாபசிங்கை நெருக்கி எழுதி வாங்கிய 56 லட்சம் ரூபாய்ப் பத்திரம் ஒன்று தீராமல் கிடந்தது. அதை வசூலிக்கத்தான் இந்தப் படையெடுப்பு. போதிய உணவும் வண்டி மாடும் இல்லாமல் படை காரைக்காலுக்கு வந்து சேர்ந்தது. பிறகு நாகூர் சூறையாடப்பட்டது. கீழ்வேளூரில் புதையல் தேடி வீடுகளைத் தோண்டினார்கள், குளங்களைத் துழாவினார்கள். கோயிலிலிருந்து எடுத்த திருமேனிகள் பொன்னல்ல, பித்தளை என்று கண்டார்கள். கோயிலை விட்டு அகலாமல் நின்ற பிராமணர் ஆறு பேரை ஒற்றர்கள் என்று சொல்லிப் பீரங்கி வாயில் வைத்துச் சுட்டார்கள். ஆகஸ்டில் தஞ்சைக் கோட்டை முற்றுகை. ஆகஸ்ட் 3 அன்று நாகப்பட்டினக் கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் தாஷேயின் கப்பல்கள் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் போகாக்கிடம் பின்னடைந்தன. அந்தச் செய்தி எட்டிய சில நாட்களில் லாலி முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினார்.

இந்த விவரங்களில் பெரும்பகுதி ராபர்ட் ஓர்ம் எழுதியது. அவர் ஆங்கிலக் கம்பெனியின் சென்னைக் கவுன்சிலில் இருந்தவர், அதாவது பகைவர் தரப்பு. ஆகவே கீழ்வேளூர்ச் செய்தியே ஆங்கிலேயர் கட்டிவிட்டது என்று சொல்வோர் உண்டு. இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. லாலியிடம் பெரும் பரிவு காட்டி 1868இல் நூல் எழுதிய மாலிசன்கூட அந்த ஆறு கொலைகளை மறைக்காமல் எழுதியிருக்கிறார். பகைவன் சொன்னதை அப்படியே விழுங்கக் கூடாது என்பது சரி. பகைவன் சொன்னான் என்பதற்காகவே செத்தவர்களை இல்லாதவர்களாக்குவது வரலாற்று முறையாகாது.

என் உண்மையான வழக்கு வேறொரு வாதத்தோடு. இந்த அவையில் இருக்கும் மதிப்புக்குரிய நண்பர் ஒருவர், பல ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய கட்டுரைக்கு நீண்ட மறுப்பு எழுதினார். அவருடைய பிரெஞ்சு ஆவணப் பயிற்சிக்கு முன் நான் மாணவன். அவர் சொன்னது இது: படை பட்டினி கிடந்தது, அதற்குச் சோறு போட வேண்டியது ஆளுநர் தெ லேரியின் புதுச்சேரி நிர்வாகம், பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் பணம் தராமல் இழுத்தடித்தது தஞ்சை அரண்மனை, ஆகவே வழியில் நடந்தவற்றை லாலியின் தலையில் மட்டும் ஏற்றுவது அநீதி. அந்த மறுப்புக்கு உரிய இடத்தில் பதில் எழுதும் வாய்ப்பு எனக்குத் தரப்படவில்லை. இன்று தருகிறீர்கள்.

நண்பர் அடுக்கும் செய்திகள் எல்லாம் சரி. நிர்வாகம் உணவு அனுப்பவில்லை. மன்னர் இழுத்தடித்தார். லாலியோ நிர்வாகத்தைக் குற்றம் சாட்டினார், நிர்வாகம் லாலியைக் குற்றம் சாட்டியது. இந்தப் பழிச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் மெய். ஆனால் ஒரு கேடு எதனால் நேர்ந்தது என்று காட்டுவது ஒன்று. அதைச் செய்தவர் பொறுப்பிலிருந்து விடுபட்டார் என்பது இன்னொன்று. உணவு அனுப்பாததற்கு தெ லேரி பொறுப்பு. உணவில்லாமல் படையை நடத்திச் சென்றதற்கும், நாகூரைக் கொள்ளைக்குத் திறந்துவிட்டதற்கும், பீரங்கி வாயில் ஆறு பேரை நிறுத்தியதற்கும் லாலி பொறுப்பு. இந்தப் பொறுப்புகள் ஒன்றையொன்று கழிப்பதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன. நிர்வாகத்தின் பங்கு கூடியது என்பதால் லாலியின் பங்கில் ஒரு மாகாணியும் குறையவில்லை. பட்டினி கிடந்த படைக்குக் கீழ்வேளூர் எந்தப் பத்திரமும் எழுதிக் கொடுக்கவில்லை.

இன்னொரு குறையும் நம் எல்லோருடைய எழுத்திலும் உண்டு. ஆறு பிராமணர்கள் ஓர்மின் ஏட்டில் ஏறினார்கள். பெயரில்லாமல்தான் என்றாலும் ஒரு வரி கிடைத்தது. மாட்டைப் பறிகொடுத்தவர்களுக்கும், சுமை தூக்க இழுத்துச் செல்லப்பட்டவர்களுக்கும், சேரிகளில் இருந்தவர்களுக்கும் அந்த ஒரு வரியும் இல்லை. படை இந்தச் சாலையில் நடந்த மாதங்களைக் கவனியுங்கள்: ஆனியும் ஆடியும். காவிரியில் புதுத் தண்ணீர் வரும் காலம், உழவுக்கும் நாற்றுக்கும் உரிய காலம். அந்தப் பருவத்தில் பீரங்கி இழுக்க ஓட்டிச் செல்லப்பட்ட ஓர் இணை எருது, தை மாதத்தில் ஒரு குடும்பத்தின் அடுப்பை அணைத்துவிடும். அந்தப் பட்டினி எந்தப் போர்க் குறிப்பிலும் வராது. அது நிகழும்போது படை ஊர் திரும்பியிருக்கும்.

இது வெறும் ஊகம் என்பார் நண்பர். அதனால்தான் தரங்கம்பாடியைப் பார்க்கச் சொல்கிறேன். இங்கிருந்து வடக்கே சிறிது தொலைவில், டேனியரின் ஊரில் இருந்த லுத்தரன் மிஷனரிகள் ஆண்டுதோறும் ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அறிக்கை அனுப்பினார்கள். அவை அச்சாகியும் இருக்கின்றன. சமய வரலாறு எழுதுவோர் அவற்றைப் புரட்டுகிறார்கள். போர் வரலாறு எழுதுவோர் தொடுவதில்லை. அந்த மிஷனரிகளில் ஒருவராக 1750இல் தரங்கம்பாடிக்கு வந்த சுவார்ட்ஸ் 1758இலும் அங்கேதான் இருந்தார். பின்னாளில், ஹைதர் அலியின் படை தஞ்சை நாட்டைச் சூழ்ந்த காலத்தில், கோட்டைக்குள் பஞ்சம் வந்தபோது உழவர்கள் நெல் ஏற்றிவர மாடு தர மறுத்தார்கள். அரசு சொல்லியும் பயனில்லை, கம்பெனி சொல்லியும் பயனில்லை. கூலிக்குத் தானே பொறுப்பு என்று சுவார்ட்ஸ் வாக்குக் கொடுத்த பிறகே மாடுகள் வந்தன. எத்தனை முறை மாட்டைக் கொடுத்து ஏமாந்திருந்தால் ஒரு நாட்டு உழவர்கள் அப்படிக் கையை விரிப்பார்கள்? என் ஆடி மாதக் கணக்குக்கு இதைவிட வலுவான சான்று வேண்டுமா?

லாலிக்கு விசாரணை நடந்தது. 1766 மே 9 அன்று பாரிசில் அவர் தலை வெட்டப்பட்டது. பிரெஞ்சு மன்னரின், அரசின், கம்பெனியின் நலனைக் காட்டிக்கொடுத்தார் என்பதே தலைமைக் குற்றம். 1761 ஜனவரியில் புதுச்சேரியை இழந்ததுதான் அதன் வேர். பிறகு அவர் மகன் போராடினார், வால்தேர் எழுதினார், 1778இல் அந்தத் தீர்ப்பு ரத்தானது. லாலிக்கு நீதி கிடைத்ததா என்று பிரான்ஸ் பன்னிரண்டு ஆண்டு விவாதித்தது. அந்த விவாதத்தை நான் இகழவில்லை, அவர் மீதான தீர்ப்பில் அநீதி இருந்தது. ஆனால் கீழ்வேளூருக்காக எந்த மன்றமும் கூடவில்லை. தோற்றதற்காகத் தளபதியைத் தண்டித்தார்கள். கொன்றதற்காக என்றால், வென்ற தளபதிகளையும் அல்லவா கூண்டில் ஏற்ற வேண்டியிருந்திருக்கும்?

இன்றைய சட்டம் இந்த இடத்தில் தெளிவாகப் பேசுகிறது. ஜெனீவா உடன்படிக்கைகளுக்கான 1977ஆம் ஆண்டு முதல் கூடுதல் நெறிமுறையின் 51ஆவது பிரிவு, எதிர்த்தரப்பு விதியை மீறியது என்பதால் குடிமக்கள் தொடர்பான உன் கடமை நீங்கிவிடாது என்கிறது. இந்தியாவும் இலங்கையும் இஸ்ரேலும் அந்த நெறிமுறையில் சேரவில்லை என்பதை இங்குள்ள சட்ட அறிஞர்கள் நினைவூட்டுவார்கள். குடிமக்களைக் குறிவைக்கக் கூடாது என்பது வழக்காற்றுச் சட்டமாக எல்லோரையும் கட்டுப்படுத்துகிறது என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

ஈழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2009இல் அரசு தானே அறிவித்த பாதுகாப்பு வலயங்களுக்குள் எறிகணை வீசியது, மருத்துவமனைகளைத் தாக்கியது. புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்தார்கள், தப்பியோடியவர்களைச் சுட்டார்கள். இவை எல்லாமே நம்பத்தக்க குற்றச்சாட்டுகள் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் சொன்னது. ‘மனிதக் கேடயம்’ என்ற ஒரே பதிலில் அரசு தன் எறிகணைகளை மறைத்தது. நாமோ எறிகணைகளைப் பற்றிப் பேசிப் பேசியே, புலிகள் தடுத்த கதையைத் தமிழ்நாட்டு மேடைகளில் சொல்லாமல் விட்டோம். எனக்கு இது வலிக்கும் செய்தி, உங்களில் பலருக்கும் அப்படித்தான். 1987 அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்து நோயாளிகளையும் மருத்துவர்களையும் தாதியரையும் கொன்றது நம் இந்தியப் படை. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். எந்தத் தரப்பையும் விட்டுவைக்காமல் எழுதலாம் என்று ‘முறிந்த பனை’ நூலின் ஆசிரியர்கள் காட்டினார்கள். அவர்களில் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

2009 போர்க்களமான வன்னியிலும் கேள்வி சோற்றில்தான் வந்து நின்றது. உள்ளே இருப்பவர்கள் ஏறத்தாழ 70,000 பேர்தான் என்றது கொழும்பு. மாவட்ட நிர்வாகத்தின் உள்ளூர் அலுவலர்களோ மூன்று லட்சத்துக்கும் மேல் என்று கணக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். குறைந்த கணக்குக்குத்தான் உணவும் மருந்தும் போயின. போர் முடிந்தபோது முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களே ஏறத்தாழ 2,90,000 பேர். பதுங்குகுழிகளுக்கு நடுவே அந்த அலுவலர்கள் எழுதிய கணக்கே மெய்யென்று ஆயிற்று. இறந்தோர் கணக்கோ இன்னும் தீரவில்லை. ஐ.நா. அலுவலகத்தின் தொகுப்பு மே 13 வரை 7,721 என்றது. நிபுணர் குழு 40,000 வரை இருக்கலாம் என்பதைத் தள்ள முடியாது என்றது. மன்னார் ஆயர் இராயப்பு யோசப்பு, அதே உள்ளூர்க் கணக்கை வைத்து 1,46,679 பேர் எங்கே என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு அரசு பெயர் பெயராகப் பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

காசாவைப் பற்றி நாளை முழுநாள் அமர்வு இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸும் பிற ஆயுதக் குழுக்களும் இஸ்ரேலுக்குள் ஏறத்தாழ 1,200 பேரைக் கொன்று 251 பேரைப் பிணையாகப் பிடித்துச் சென்றன. அதற்குப் பொறுப்பு அவற்றுடையது. எந்த ஆக்கிரமிப்பும் முற்றுகையும் அந்தப் பொறுப்பைக் கழிக்காது. அதன்பின் பல்லாயிரம் பாலஸ்தீனர்கள், அவர்களில் எண்ணற்ற குழந்தைகள், கொல்லப்பட்டதற்கும் உணவும் மருந்தும் தடுக்கப்பட்டதற்கும் பொறுப்பு இஸ்ரேல் அரசுடையது. அக்டோபர் 7 அதைக் கழிக்காது. 2024 நவம்பரில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு, முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் காலன்ட் ஆகியோருக்கும் ஹமாஸ் தளபதி முகமது தெய்ஃபுக்கும் ஒரே நாளில் பிடியாணை பிறப்பித்தது. முதல் இருவர் மீதுள்ள குற்றச்சாட்டுகளில் பட்டினியைப் போர்முறையாகப் பயன்படுத்தியதும் ஒன்று. அதற்கு முன், பிடியாணைகள் கோரப்பட்டபோதே, இரு தரப்பையும் சமமாக்கிவிட்டார்கள் என்று இரு தரப்பும் சினந்தன. ஒவ்வொருவர் செய்ததற்கும் தனித்தனியே குறிப்பாணை எழுதுவது சமமாக்குவதாகாது. கீழ்வேளூருக்கு 1766இல் மறுக்கப்பட்டது அதுதான்.

நண்பர் முதல் அமர்விலேயே பேசுகிறார். லாலியின் படைக்கு உணவு அனுப்பாதது பற்றிய புதிய ஆவணங்களைக் கொண்டு வந்திருப்பதாக அறிகிறேன்; மகிழ்ச்சியோடு கேட்பேன். அந்த ஆவணங்கள் தெ லேரியின் குற்றத்தை எவ்வளவு கூட்டினாலும் கூட்டட்டும். அவை லாலியின் குற்றத்தில் எதைக் குறைக்கின்றன என்பதை மட்டும் அவர் இந்த அவைக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.