ஆயக்குடி கொய்யாவும் கொடைக்கானல் தைலமும்

பழனி பக்கம் ஆயக்குடி கொய்யாத் தோப்புக்குப் போனா, ஒரு இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்க. அப்படியே மலையேறி, கொடைக்கானல்ல யூக்கலிப்டஸ் இலையையும் கசக்குங்க. ரெண்டும் ஒரே தாவரக் குடும்பம், நம்ம நாவல் மரமும் சேர்த்து. அந்த வாசனைக்குப் பின்னாடி இருக்குறது டெர்பீன்ங்கிற வேதிப்பொருட்கள்.

2014ல யூக்கலிப்டஸ் கிராண்டிஸ் மரத்தோட மரபணுத் தொகுப்பு வெளியாச்சு. மொத்தம் 36,376 மரபணுக்கள். அதுல 34 சதவீதம் பக்கத்துலயே ஒட்டி நிக்கிற நகல்கள்! டெர்பீன் செய்யுற மரபணுக்கள் மட்டும் நூறுக்கு மேல.

எப்படி இவ்வளவு? டிஎன்ஏல ஒரே மாதிரித் துண்டுகள் திரும்பத் திரும்ப வரும். குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து துண்டு மாத்திக்கும்போது, இந்த ஒத்த துண்டுகளால வரிசை தவறிப் போகலாம். அப்போ ஒரு பக்கம் மரபணு ரெண்டாகும், இன்னொரு பக்கம் காணாமலே போயிடும்.

நான் கோட் எழுதுறவன். காப்பி-பேஸ்ட் பண்ணினா ரிவ்யூல திட்டு விழும். மரத்துக்கு அதுதான் பிழைப்பு. அசல் தன் வேலையைப் பார்த்துக்கும், நகல் தைரியமா மாறிப் பார்க்கலாம். பெரும்பாலான நகல்கள் கெட்டுப்போய் சும்மா கிடக்கும். எப்பவாவது ஒண்ணு புது டெர்பீன் செய்யும். பூச்சிக்கு அது பிடிக்கலைன்னா மரம் தப்பிச்சுது. நாம அதையே சளி பிடிச்சா நெஞ்சுல தேய்ச்சுக்கிறோம்.