எலுமிச்சைக்கு யூரியா மட்டும் போதாது

(எலுமிச்சை சாகுபடியாளர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



எலுமிச்சை இலை மஞ்சளானதும் நம்மில் பலர் யூரியா மூட்டையைப் பிரித்துவிடுகிறோம். மரம் தேறாவிட்டால் மறுபடியும் யூரியா. செலவு கூடுகிறதே தவிர, காய்ப்பு கூடுவதில்லை. உரமிடும் முன் இலையைப் பாருங்கள், மண்ணையும் பாருங்கள்.

இலை காட்டும் குறை

முதிர்ந்த இலைகள் நரம்பு உட்பட ஒரே சீராக வெளுத்தால் அது தழைச்சத்துக் குறை. யூரியா கேட்கும். ஆனால் புதிய இலைகள் சிறுத்து, நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் அது துத்தநாகக் குறை. இதை யூரியா தீர்க்காது. சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் மண்ணிலுள்ள துத்தநாகமும் வேருக்கு எளிதில் கிட்டாது. ஆகவே இலை வழியாகக் கொடுக்க வேண்டும். 100 லிட்டர் நீருக்கு 500 கிராம் ஜிங்க் சல்பேட் வீதம் கரைத்து, மார்ச், ஜூலை, அக்டோபர் மாதங்களில் புதுத்துளிர் வந்தபின் தெளியுங்கள்.

மண்ணைத் திருத்துதல்

எலுமிச்சையின் சல்லி வேர்கள் மேல்மண்ணிலேயே பரவுபவை. நீர் தேங்கினால் வேர் அழுகும். அப்போதும் இலை மஞ்சளாகும். எனவே முதலில் வடிகால் அமையுங்கள். அடிமரத்தில் நீர் படாதபடி மண் அணையுங்கள். மழைக்காலத்தில் மர வரிசைகளுக்கு இடையே சணப்பு அல்லது தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள். ஆழ உழுதால் வேர் அறுபடும்.

உர அளவு

முதலாண்டில் மரம் ஒன்றுக்குத் தொழு உரம் 10 கிலோ, தழைச்சத்து 200 கிராம், மணிச்சத்து, சாம்பல்சத்து தலா 100 கிராம் இட்டு, ஆண்டுதோறும் அளவைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். ஆறாம் ஆண்டு முதல் தொழு உரம் 30 கிலோ, தழைச்சத்து 600, மணிச்சத்து 200, சாம்பல்சத்து 300 கிராம் தேவை. கடைச் சரக்காகக் கணக்கிட்டால் யூரியா 1,300 கிராம், சூப்பர் பாஸ்பேட் 1,250 கிராம், பொட்டாஷ் 500 கிராம் ஆகும்.

யூரியாவை மட்டும் இரண்டாகப் பிரித்து, மார்ச்சில் 650 கிராம், அக்டோபரில் 650 கிராம் இடுங்கள். மற்றவற்றை அக்டோபரிலேயே இட்டுவிடலாம். அடிமரத்திலிருந்து 70 செ.மீ. தள்ளி, பாத்தியில் பரவலாகத் தூவி, முள் கரண்டியால் லேசாகக் கொத்திவிட்டு நீர் பாய்ச்சுங்கள்.

இது பொது அளவுதான். உங்கள் தோட்டத்து மண்ணைப் பரிசோதனை நிலையத்திற்கு அனுப்பி, முடிவுக்கு ஏற்பக் கூட்டியோ குறைத்தோ இடுங்கள். வீண் செலவும் குறையும்; மரமும் பிழைக்கும்.