தலைமயிரும் ஒரு சாட்சி
(கமக்காரர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



உடலிற் சேர்ந்த நச்சு உலோகத்தைத் தலைமயிரைக் கொண்டு அறியலாமா என்று நண்பர் சிலர் எம்மிடம் வினவினர். அறியலாம். ஆனால் அறிந்ததை யாருக்குச் சொல்வது என்பதே பெரிய வினா.

மயிர் மாதமொன்றுக்கு ஏறத்தாழ ஒரு சென்றிமீற்றர் வளர்கிறது. வளரும்போது இரத்தத்திலுள்ள பாதரசம் அதனுட் புகுந்து தங்கிவிடுகிறது. இரத்தத்தில் நஞ்சு குறைந்த பின்னரும் மயிரிலே அது நிற்கும். துண்டு துண்டாக வெட்டிச் சோதித்தால் எந்த மாதத்தில் எவ்வளவு சேர்ந்தது என்று கணக்கிடலாம்.

ஈராக்கில் 1971 இன் இறுதியில் கமக்காரருக்கு வழங்கப்பட்ட விதைக் கோதுமையில் பாதரச மருந்து பூசப்பட்டிருந்தது. சாக்குகளில் எச்சரிக்கை எழுதப்பட்டிருந்தது. ஆனால் ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும்! அரபும் குர்தியும் பேசுவோருக்கு அது எச்சரிக்கையாகுமா? மொழியுரிமை ஏன் என்று கேட்போர் இதற்கு விடை சொல்லட்டும். விதையை அரைத்து ரொட்டி சுட்டு உண்டனர். 6,530 பேர் மருத்துவமனைகளிற் சேர்க்கப்பட்டனர்; அங்கே 459 பேர் மாண்டனர். நஞ்சு ஏறியதையும் இறங்கியதையும் நோயாளரின் மயிரே மாதவாரியாகக் காட்டியது.

யப்பானின் மினமாத்தாவில் நடந்ததோ இதனினும் கொடியது. ஆலைக் கழிவுப் பாதரசம் கடலிற் கலந்து, மீனுண்ட மக்களைத் தாக்கியது. நோய் 1956 இல் வெளிப்பட்டது. 1960 இல் குமமோத்தோ மாகாண நிர்வாகம் கடலோர மக்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் மயிரைச் சேகரித்துச் சோதிக்கத் தொடங்கியது. ஒரு பெண்ணின் மயிரிலே பத்து இலட்சத்தில் 920 பங்கு பாதரசம்! சோதனைக்குட்பட்ட மக்களுக்கு முடிவு அறிவிக்கப்படவில்லை. அவர்கள் மீனை உண்டார்கள். ஆலை 1968 வரை கழிவை ஊற்றியது. 1959 இன் பின்னரும் தடுக்கத் தவறிய அரசும் மாகாண நிர்வாகமும் பொறுப்பாளிகளே என்று யப்பானிய அதியுயர் நீதிமன்றம் தீர்த்தது 2004 இல்! மக்களின் தலையிலிருந்து எடுத்த சாட்சியம் மக்களுக்கே மறைக்கப்பட்டது.

இச்சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்யவேண்டும். உணவிற் கலந்த பாதரசத்துக்கு மயிர் நம்பத்தக்க சாட்சி. ஈயமும் ஆசனிக்கும் தூசியிலிருந்தும் நீரிலிருந்தும் மயிரில் வெளியே ஒட்டிக்கொள்ளலாம். அமெரிக்காவில் உடல்நலமுள்ள ஒருவரின் மயிரை ஆறு ஆய்வுகூடங்களுக்கு அனுப்பியபோது ஒன்றுக்கொன்று மாறுபட்ட முடிவுகள் வந்ததை 2001 இல் வெளியான ஆய்வு காட்டியது. காசுக்கு மயிர் சோதித்து மருந்தும் விற்போரை நாம் நம்புவதற்கில்லை.

எவரேனும் மாதிரி கேட்டு வந்தால் மறுக்கவேண்டாம். பிடரிப் பக்கத்தில், தோலை ஒட்டி வெட்டச் சொல்லுங்கள். வேர்ப்பக்கம் எது என்று குறித்துக் கடிதவுறையிலிட்டு முத்திரையிடுங்கள். ஒரு பங்கை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். முடிவு தமிழில், இன்ன திகதிக்குள், உங்கள் கையிற் கிடைக்கும் என்று எழுதிக் கையொப்பமிட்ட பின்னரே கத்தரிக்கோலைத் தலையில் வைக்க விடுங்கள்.