வாந்தியை நிறுத்தும் மருந்தும் நமது கவனமும்

(திண்டுக்கல்லில் கூடிய நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



பிள்ளைகளின் கல்வி, உபகாரச் சம்பளம், விவாகச் செலவைக் குறைத்தல் முதலிய விஷயங்களைப் பற்றியே நமது கூட்டங்களில் பேசுவது வழக்கம். இன்று வாந்தி மருந்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றால் சிலருக்கு நகைப்பு உண்டாகலாம். ஆயினும், இங்கே வந்திருக்கும் குடும்பங்களில் அம்மருந்து ஒரு பட்டையாவது இல்லாத வீடு அரிது. பீரோவிலும், பிரயாணப் பையிலும், பூஜை மாடத்தின் ஓரத்திலும் அது கிடக்கிறது. வீட்டில் ஒருவருக்குக் குமட்டினால், "எனக்குச் சென்ற மாதம் டாக்டர் கொடுத்தது இது, ஒன்று போட்டுக்கொள்" என்று அன்போடு எடுத்துக் கொடுக்கிறோம். அந்த அன்பில் குறையில்லை. அதனோடு அறிவும் சேரவேண்டும் என்பதே எனது விண்ணப்பம்.

முதலாவது மனத்திற்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. வாந்தி ஒரு வியாதியன்று, வியாதியின் அடையாளம். இரவில் காவல் நாய் குரைத்தால், எழுந்து விளக்கேற்றி வாசலைப் பார்ப்பது புத்திசாலித்தனம். தூக்கம் கெடுகிறதென்று நாயின் வாயைக் கட்டிவிட்டுப் படுப்பவன் திருடனுக்கு வழி திறந்தவனாவான். காரணம் இன்னதென்று ஆராயாமல் வாந்தியை மட்டும் நிறுத்துவது இதற்கு ஒப்பானதே.

வாந்திக்குரிய கட்டளை மூளையின் அடிப்பாகத்திலிருந்து பிறக்கிறது. அவ்விடத்திற்குச் செய்தி பல வழிகளில் போய்ச் சேருகிறது. கெட்ட உணவு வயிற்றை உறுத்தினால் குடல் நரம்புகள் வழியாகவும், இரத்தத்தில் விஷமோ கடுமையான மருந்தோ கலந்தால் இரத்தத்தின் வழியாகவும், வண்டி சுழன்று செல்லும்போது உட்செவியின் வழியாகவும் செல்கிறது. ஒவ்வொரு வழியிலும் தூது செல்லும் ரசாயனப் பொருள் வேறு. ஆதலின் தடுக்கும் மருந்தும் வேறு. பெயருக்கு எல்லாம் வாந்தி மாத்திரையாயினும் ஒன்றுக்கு ஒன்று ஈடாகாது.

நமக்குத் தெரிந்த உதாரணமே போதும். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் பாதையிலும், 18 கொண்டை ஊசி வளைவுகளுள்ள சிறுமலைப் பாதையிலும் வாந்தியெடுப்பவர் பலர். அவர்களுக்கு ஆண்டன்செட்ரான் என்னும் மாத்திரையைக் கொடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அம்மருந்து உட்செவியினால் உண்டாகும் குமட்டலுக்குப் பெரும்பாலும் பயன்படுவதில்லை. அதற்குரிய மருந்துகள் வேறு வகையின. அவற்றையும் வண்டி புறப்படுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாக உட்கொள்ள வேண்டும். பாதி மலையில் வாந்தியெடுத்த பின் விழுங்கினால் பலன் சொற்பம். அன்றியும் அவை தூக்கத்தை உண்டாக்குவன. வண்டி ஓட்டுபவர் அவற்றைத் தொடலாகாது. முன் ஆசனத்தில் அமர்ந்து, கைப்பேசியைப் பார்க்காமல், தூரத்திலுள்ள பாதையை நோக்கிக்கொண்டு, வயிற்றில் இலகுவான உணவோடு செல்பவருக்கு மருந்தே வேண்டியிராது.

இவ்விதம் கூறுவதால் இம்மருந்துகளை நான் நிந்திப்பதாக நினைத்தல் கூடாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையம் தோன்றியது. அக்காலத்திலும் அதற்குப் பின் பல ஆண்டுகளும், புற்றுநோய் மருந்தினால் உண்டாகும் வாந்தியைத் தாளாமல் சிகிச்சையையே பாதியில் விட்டவர்கள் உலகெங்கும் உண்டு. 1990-களில் ஆண்டன்செட்ரான் புழக்கத்திற்கு வந்த பின் அந்தத் துன்பம் பெரிதும் தணிந்தது. மருந்து நல்லதுதான், யாருக்கு, எதற்கு, எத்தனை நாள் என்பதிலேயே நன்மையும் தீமையும் பிரிகின்றன.

இதைத் தீர்மானிக்கும் பொறுப்பைச் சட்டம் டாக்டரிடம் ஒப்படைத்திருக்கிறது. நமது தேசத்தில் 1940-இல் இயற்றப்பெற்ற மருந்துச் சட்டத்தையும் 1945-ஆம் ஆண்டு விதிகளையும் அனுசரித்து, 'ஷெட்யூல் எச்' என்னும் பட்டியலிலுள்ள மருந்துகளை டாக்டர் சீட்டின்றி விற்கலாகாது. மருந்துப் பட்டையின் மேல் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு காணப்பட்டால், 'டாக்டரைக் கேட்டு உட்கொள்' என்று அது நமக்குச் சொல்கிறது என அறிய வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் அக்கோட்டை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

இந்தக் கண்டிப்பு வீண் சம்பிரதாயமன்று. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைட் என்னும் மருந்து தூக்கத்திற்காக விற்பனைக்கு வந்தது; அங்கு அதை வாங்க டாக்டர் சீட்டும் வேண்டியிருக்கவில்லை. கர்ப்பிணிகளின் காலை மயக்கத்திற்கும் வாந்திக்கும் அதைப் பல நாடுகளில் கொடுத்தார்கள். மிகவும் சாதுவான மருந்து என்றே எல்லோரும் நம்பினார்கள். 1961-இன் இறுதியில் அது திரும்பப் பெறப்படுவதற்குள் கையும் காலும் குறைபட்டுப் பிறந்த குழந்தைகள் பதினாயிரத்திற்கும் அதிகம். பிறப்பதற்கு முன்பே மாண்டவை கணக்கில் சேரா. அமெரிக்காவில் பிரான்சிஸ் கெல்சி என்னும் பெண்மணி, கர்ப்பத்திலுள்ள சிசுவுக்குத் தீங்கில்லை என்பதற்குப் போதிய அத்தாட்சி கேட்டு, வர்த்தகரின் நெருக்கடிக்கு இணங்காமல் அனுமதியை நிறுத்தி வைத்தார். 1962-இல் ஜனாதிபதி கென்னடி அவரைக் கௌரவித்தார். ஒரு ஸ்திரீயின் "ஏன்?" என்ற கேள்வி எத்தனையோ தாய்மார்களின் கண்ணீரைத் தடுத்தது. நமது வீட்டுப் பெண்கள் மருந்துக்கடையிலே கேட்க வேண்டியதும் அந்தக் கேள்வியே.

இனி, நம் ஊரில் மிகுதியாக வழங்கும் மருந்துகளைத் தனித்தனியே கவனிப்போம்.

மெட்டோகுளோப்ரமைடு என்பது ஒன்று. இதை உட்கொண்ட சிலருக்கு, விசேஷமாகக் குழந்தைகளுக்கும் இளம் பெண்களுக்கும், கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும், கண் மேலே சொருகும், தாடை இறுகும், நாக்கு வெளியே தள்ளும். நினைவு மட்டும் தெளிவாக இருக்கும். இதைக் கண்டு பேய் பிடித்தது என்று வேப்பிலை அடிப்பவரும், காக்காய் வலிப்பு என்று கையில் இரும்பைக் கொடுப்பவரும் உண்டு. இது பேயுமன்று, வலிப்புமன்று, மருந்தின் விளைவு. ஆஸ்பத்திரியில் தகுந்த ஊசி போட்டால் பெரும்பாலும் சில நிமிஷங்களிலேயே தெளிந்துவிடும். கோடாங்கியிடம் செல்லும் நேரத்தில் ஆஸ்பத்திரிக்குச் சென்று, உட்கொண்ட மருந்தின் பட்டையைக் காட்டுங்கள். இம்மருந்தை மாதக்கணக்கில் உட்கொண்டவர்களுக்கு உதடும் நாக்கும் தாமாகவே அசையும் ஒரு வியாதி உண்டாகி, மருந்தை நிறுத்திய பின்னும் நீங்காமல் நிற்பதுண்டு. இதுபற்றி 2009-இல் அமெரிக்க அரசாங்கம் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. ஐரோப்பிய மருந்து முகமை 2013-இல், ஐந்து நாட்களுக்கு மேல் கூடாது, ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு அறவே கூடாது என்று வரையறுத்தது.

தலைசுற்றலுக்கென்று வழங்கும் புரோகுளோர்பெரசினும் இத்தன்மையதே. முதியவர் அதைப் பழைய சீட்டை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் வாங்கி விழுங்கினால், கை நடுக்கமும் நடைத் தளர்ச்சியும் உண்டாகும். அதை மூப்பின் கோளாறு என்று எண்ணி விட்டுவிடுகிறோம். நடுக்குவாத நோயாளிகளுக்கு இவ்விரண்டு மருந்துகளும் ஆகா.

அடுத்தது டோம்பெரிடோன். 'நான் வாந்தி மருந்தே சாப்பிடுவதில்லை' என்று சொல்லும் பலர் இதைத் தினந்தோறும் காலையில் விழுங்குகிறார்கள். எவ்வாறெனில், நெஞ்செரிச்சலுக்கும் வாயுவுக்கும் நாம் வாங்கும் மாத்திரைகளில், பெயரின் முடிவில் 'டி' என்னும் எழுத்தைத் தாங்கியவை பலவற்றில் அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு டோம்பெரிடோனும் சேர்ந்திருக்கிறது. இம்மருந்து இருதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக் கூடியது. 2014-இல் ஐரோப்பிய மருந்து முகமை, 10 மில்லிகிராம் வீதம் நாளொன்றுக்கு மூன்று வேளைக்கு மேற்படாமல், சாதாரணமாக ஒரு வாரத்திற்குள் நிறுத்த வேண்டுமென்று கூறியது. பிரிட்டனில் 2019 முதல் 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இதைக் கொடுப்பதில்லை. இருதய நோயுள்ளவர்களும் அறுபது வயதைக் கடந்தவர்களும் விசேஷ ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கிளாரித்ரோமைசின், புளூகோனசோல் போன்ற கிருமி, பூஞ்சை மருந்துகள் இதனோடு சேர்ந்தால் அபாயம் அதிகரிக்கும். வயிற்று மருந்தாயிற்றே, இருதயத்தை என்ன செய்யும் என்று எண்ணலாகாது. இதே இனத்தைச் சேர்ந்த சிசாப்ரைடு என்னும் மருந்து, இருதயத்தைப் பாதிக்கும் காரணத்தினாலேயே 2011-இல் நமது தேசத்தில் தடை செய்யப்பட்டது.

ஆண்டன்செட்ரான் தலைவலியையும் மலச்சிக்கலையும் உண்டாக்கும். பிறவியிலேயே இருதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது. வயிறு உப்பி, மலமும் வாயுவும் வெளியேறாமல் வாந்தியெடுப்பவர் இதை உட்கொண்டால் குடலடைப்பு வெளிக்குத் தெரியாமல் மறைந்துபோகும். தூக்கம் தரும் புரோமெதசின், இரண்டு வயது நிரம்பாத குழந்தையின் மூச்சையே அடக்கிவிடக் கூடும். ஆகவே அதைக் கொடுக்கலாகாது.

மருந்தால் அடக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டிய வாந்திகளும் உண்டு. நமது அங்கத்தினரில் பலர் ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை, வேடசந்தூர்ப் பக்கங்களில் விவசாயம் செய்கிறவர்கள். பூச்சி மருந்து தெளித்துவிட்டு வந்தவருக்கு வாந்தியும், வியர்வையும், வாயில் நீர் ஊறுதலும் கண்டால் அது விஷத்தின் வேலை. உடுப்பைக் களைந்து, உடம்பைச் சோப்பிட்டுக் கழுவி, மருந்து டப்பாவுடன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். நம் பக்கத்தில் விதைக்காகப் பயிராகும் கண்வலிக் கிழங்கிலும் அதன் விதையிலும் கோல்சிசின் என்னும் கொடிய விஷம் இருக்கிறது. அதை உண்டவருக்கு முதலில் தோன்றுவது வாந்தியும் பேதியுமே. இடையில் சற்றுத் தெளிந்தாற்போல் இருந்தாலும் ஏமாறலாகாது. சர்க்கரை வியாதியுள்ளவர் ஓயாமல் வாந்தியெடுத்துப் பெருமூச்சு விடுதல், முதியவருக்கு நெஞ்சு பாரமும் வியர்வையும் குமட்டலும் சேர்ந்து வருதல், தலையில் அடிபட்ட பின் வாந்தியெடுத்தல், வாந்தியில் இரத்தமோ பச்சை நிறமோ காணுதல், பொறுக்க முடியாத வயிற்றுவலி இருத்தல்: இவற்றில் ஒன்று கண்டாலும் 108 எண்ணுக்குச் சொல்லி வண்டியை வரவழைப்பதே முறை.

குழந்தைகளின் வாந்தி பேதியில் உயிரைப் போக்குவது பெரும்பாலும் நீர்க்குறைவே. 1971-இல் வங்காள அகதிகள் முகாமில் காலரா பரவியபோது டாக்டர் திலீப் மகலானாபிஸ் என்பவர், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியாகக் கொடுத்தே எண்ணிறந்த உயிர்களைக் காத்தார். அந்த வழியில் வந்ததே இன்றைய ஓ.ஆர்.எஸ். பொட்டலம். ஒரு லிட்டருக்குரிய பொட்டலமா, 200 மில்லிக்குரியதா என்று பார்த்து, அளவாகக் காய்ச்சி ஆறின நீரில் கரைக்க வேண்டும். குழந்தை வாந்தியெடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, மறுபடி ஒவ்வொரு கரண்டியாக, இரண்டு மூன்று நிமிஷத்திற்கு ஒரு முறை கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். டாக்டர் வாந்தி மருந்து எழுதிக் கொடுத்தால், அது குழந்தையின் எடையைப் பார்த்துக் கணக்கிட்டது. அண்ணனுக்கு எழுதியதைத் தம்பிக்குக் கொடுக்கலாகாது. அளப்பதற்குப் புட்டியோடு வரும் மூடியையே உபயோகியுங்கள். தேக்கரண்டி 5 மில்லி, மேசைக்கரண்டி 15 மில்லி. கரண்டி மாறினால் மருந்து மூன்று மடங்காகும்.

கர்ப்பிணிகளுக்கு ஒரு வார்த்தை. தாலிடோமைட் கதையைக் கேட்டுப் பயந்து, எந்த மருந்துமே வேண்டாமென்று உடல் வாடுதலும் தவறு. டாக்சிலமைனும் பைரிடாக்சினும் சேர்ந்த மருந்தைப் பற்றி வழக்குகள் எழுந்ததால், அமெரிக்காவில் அதைச் செய்த கம்பெனி 1983-இல் விற்பனையை நிறுத்தியது. ஆராய்ச்சிகளில் குழந்தைக்குக் கேடு காணப்படாமையால், 2013-இல் அதே சேர்க்கை அங்கு மறுபடி அனுமதி பெற்றது. ஆகவே அசட்டுத் துணிவும் வேண்டாம், அளவுமீறிய அச்சமும் வேண்டாம். நீர் அருந்தினாலும் தங்கவில்லை, சிறுநீர் குறைந்து நிறம் கறுத்தது, எடை இறங்குகிறது என்றால், 'மசக்கை என்றால் அப்படித்தான்' என்று மாமியார் சமாதானம் சொல்லிக் காலம் கடத்தலாகாது.

ஆலோசனை கேட்பதற்கு இடமில்லாத ஊரில் நாம் வசிக்கவில்லை. 1947-இல் டாக்டர் சௌந்திரம் அம்மையார் முயற்சியால் உண்டான காந்திகிராமத்தில் கஸ்தூரிபா ஆஸ்பத்திரி இருக்கிறது. 2022 ஜனவரியில் திண்டுக்கல் அரசினர் மருத்துவக் கல்லூரியும் திறந்து வைக்கப்பட்டது. ஊர்தோறும் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. அங்கே செல்லும்போது, தாம் உட்கொள்ளும் சர்க்கரை, இரத்த அழுத்தம், நாட்டு மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துச் சென்று காட்டுங்கள். இம்மருந்து எதற்கு, எத்தனை நாள், எப்போது நிறுத்துவது, மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகுமா என்னும் நான்கு கேள்விகளையும் கேளுங்கள். மருந்தினால் தீங்கு நேர்ந்தால் அதைத் தெரிவிப்பதற்கென்று இந்திய அரசாங்கம் 1800-180-3024 என்னும் கட்டணமில்லாத எண்ணை அமைத்திருக்கிறது. நீங்கள் தெரிவிக்கும் ஒரு செய்தி முகமறியாத இன்னொரு குடும்பத்தைக் காக்கும்.

இன்று வீடு சென்றதும் ஒரு காரியம் செய்யுங்கள். மருந்துப் பெட்டியைத் திறந்து, சிவப்புக் கோடுள்ள பட்டைகளைத் தனியே எடுத்து வையுங்கள். யாருக்கு எழுதியது என்று தெரியாதவற்றையும், நாள் கடந்தவற்றையும் வீட்டில் வைத்திருக்க வேண்டாம். நமது சங்கம் ஆண்டுதோறும் எத்தனையோ தர்மங்களைச் செய்கிறது. பக்கத்து வீட்டார்க்கு நம் மாத்திரையைக் கொடாமல் டாக்டரிடம் அழைத்துச் செல்வதும் அவற்றோடு சேர்ந்த ஒரு தர்மமே.