போனில் படிக்கும் பிள்ளைக்கும் வாத்தியார் வேண்டும்

(தோட்டப் பெற்றோர் கூட்டமொன்றில் ஆசிரியர்கள் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, முகம் கழுவிய கையோடு இங்கே வந்திருக்கிறீர்கள். ஆகையால் நீட்டி முழக்காமல் ஒரே ஒரு விஷயத்தைப் பேசுகிறோம். பிள்ளை வீட்டில் இருந்தபடி போனைப் பார்த்துத் தானாகவே படிக்கிறது என்றால், அங்கே வாத்தியாருக்கு என்ன வேலை?

"எல்லாம் போன்லயே வருதுதானே சேர், இனி வாத்தியார் எதுக்கு?" என்று சில பெற்றோர் எங்களிடம் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பதில் சொல்லுமுன் எங்கள் பிழையை நாங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும்.

2020 மார்ச் 13ஆம் திகதி, கொரோனா காரணமாக நாடு முழுவதும் பாடசாலைகள் மூடப்பட்டன. ஊரடங்கு காலத்திலும் தோட்ட வேலை நிற்கவில்லை. நீங்கள் மலைக்குப் போனீர்கள். பிள்ளைகள் லயத்தில் இருந்தார்கள். நாங்கள் வாட்ஸ்அப் குழு ஒன்றைத் தொடங்கி, பாடக்குறிப்புகளைப் படம் பிடித்து அனுப்பினோம். ஒரு நாளைக்கு இருபது பக்கம், முப்பது பக்கம் என்று அனுப்பிவிட்டு, படிப்பித்துவிட்டோம் என்று நினைத்தோம்.

பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று பல வாரமாக ஒரு விடையும் அனுப்பவில்லை. "கவனமில்லாத பிள்ளை" என்று குழுவிலேயே எழுதிவிட்டோம். பிறகுதான் விஷயம் தெரிந்தது. வீட்டில் இருந்தது ஒரே போன். அதைத் தகப்பன் வேலைக்குக் கொண்டுபோய் இரவில்தான் வருவார். அதன் பிறகு அந்தப் பிள்ளை சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறி, எல்லாப் பக்கத்தையும் கொப்பியில் பார்த்து எழுதியிருக்கிறது. கொப்பி நிறைய எழுத்து இருந்தது. ஆனால் கணக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்ல வெட்கம். திட்டு வாங்கிய பிறகு பயமும் சேர்ந்துகொண்டது. அந்தப் பிள்ளை படிப்பை விட்டுவிட நினைத்ததற்கு நாங்களும் ஒரு காரணம்.

அந்தப் பிள்ளையின் கொப்பியில் ஒரு கணக்கைப் பார்த்தோம். அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தது. மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் தனித்தனியே கூட்டியிருக்கிறது. வீடியோவில் பாடம் சொல்பவருக்கு இந்தப் பிழை தெரியாது. அவர் பாட்டுக்கு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். நாங்கள் சரியான விடையைச் சொல்லாமல், "அரை ரொட்டி சாப்பிட்ட பிறகு இன்னும் ஒரு துண்டு சாப்பிட்டா, மொத்தம் அரை ரொட்டிக்குக் குறையுமா மகள்?" என்று மட்டும் கேட்டோம். பிள்ளை கொஞ்ச நேரம் யோசித்து, "ஐந்தில் ரெண்டுன்னா அரையை விடக் குறைவுதானே மிஸ்?" என்றது. அப்புறம் தானே ஆறு துண்டாகப் பிரித்து, ஆறில் ஐந்து என்று கண்டுபிடித்தது. தானாகப் படிப்பது என்பது இதுதான். அந்த ஒரு கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்பதற்குத்தான் வாத்தியார்.

இது புதிய விஷயமும் அல்ல. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980இல் தொடங்கப்பட்டது. அங்கே மாணவர்கள் பாடநூலை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தாங்களாகவே படிக்கிறார்கள். அப்படியிருந்தும் ஒப்படைகளைத் திருத்தவும், நேரில் சந்தித்துச் சந்தேகம் தீர்க்கவும் ஆசிரியர்களை வைத்திருக்கிறார்கள். வளர்ந்தவர்களுக்கே அது தேவை என்றால், லயத்தில் தனியே இருந்து படிக்கும் பிள்ளைக்குத் தேவையில்லையா?

கொரோனா முடிந்துவிட்டது, இனி இந்தப் பேச்சு எதற்கு என்று நினைக்க வேண்டாம். 2022இல் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மூடப்பட்டன. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலும் மண்சரிவும் வந்து, மலையகம் துண்டுபட்டுக் கிடந்ததை நீங்களே பார்த்தீர்கள். அதோடு, சாதாரண தரத்தில் ஒரு பாடம் தவறிய பிள்ளையும், உயர்தரம் இரண்டாம் முறை எழுதும் பிள்ளையும் வீட்டில் இருந்தே போனில் படிக்கிறார்கள். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழிலும் பாடங்கள் இருக்கின்றன. காசு கொடுக்கத் தேவையில்லை. பாடம் கிடைக்கிறது. ஆனால் இன்றைக்கு எதைப் படிப்பது, எதை விடுவது, படித்தது சரியா பிழையா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும்.

ஆகவே இப்போது நாங்கள் எங்கள் வேலையை மாற்றிக்கொண்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு பேசி, அந்த வாரம் படிக்க வேண்டியதைப் பிள்ளையையே திட்டம் போடச் சொல்கிறோம். முப்பது பக்கம் அனுப்பாமல், ஒரு கேள்வியை எங்கள் குரலில் பேசி அனுப்புகிறோம். டேட்டாவும் குறைவாகச் செலவாகும். பிழையான விடையைக் குழுவில் போட்டு வெட்கப்படுத்துவதில்லை. மூன்று நாள் சத்தமில்லாத பிள்ளைக்குப் போன் எடுக்கிறோம். போனே இல்லாத வீட்டுக்குத் தாளில் எழுதிக் கொடுத்தனுப்புகிறோம்.

உங்களிடமும் மூன்று விஷயம் கேட்கிறோம். ஒன்று, பின்னேரம் வீடு வந்ததும் ஒரு மணி நேரம் போனைப் படிப்புக்கென்று ஒதுக்கிக் கொடுங்கள். இரண்டு, "எனக்கு எழுத்தே தெரியாது, நான் எப்படிப் பார்க்கிறது?" என்று ஒதுங்க வேண்டாம். "இன்னைக்கு என்ன படிச்ச, எனக்குச் சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். பிள்ளை தடுமாறாமல் சொன்னால் அநேகமாக விளங்கியிருக்கிறது என்று அர்த்தம். தடுமாறினால் எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். மூன்று, ரீலோட் போடக் காசில்லை, போன் உடைந்துவிட்டது என்றால் மறைக்காதீர்கள். அது குற்றமில்லை. தெரிந்தால் வேறு வழி பார்க்கலாம். தெரியாவிட்டால் மறுபடியும் பிள்ளையைத்தான் பிழை சொல்லிவிடுவோம்.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. சரியான விடையை மட்டும் அனுப்ப வேண்டுமென்று காத்திருக்காதீர்கள். பிழையானதையும் அனுப்புங்கள். அதைப் பார்த்தால்தான் எங்கே கைகொடுக்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும்.

நாங்கள் சொன்ன அந்தப் பிள்ளை படிப்பை விடவில்லை. அடுத்த முறை ஒரு பிள்ளை பேசாமல் இருந்தால், திட்டுவதற்கு முன் ஏன் என்று கேட்போம். நீங்களும் கேளுங்கள்.